பெட்டிச் செய்தியில் விடுபடும் எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொற்றுநோய் பரவும் நாட்களில் ‘ஊடகங்கள்தாம் பீதியைக் கிளப்புகின்றன’ என்று ஒரு தரப்பு குற்றம் சாட்டும். ‘நடந்ததைத்தானே எழுதினோம்’ என்று செய்தியாளர்கள் பதில் சொல்வார்கள். நோய்த்தரவுகளைத் திரட்டிச் சரிபார்க்கும் வேலையில் இருக்கும் எங்களுக்கு இரண்டும் பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. பொய்ச் செய்தியால் வரும் பயத்தைவிட, சரியான எண்ணைத் தேதியும் அளவுகோலும் இல்லாமல் அச்சிடுவதால் வரும் பயமே அதிகம்.

முதல் பக்கப் பெட்டியில் ‘ஒரே நாளில் இத்தனை பேருக்குத் தொற்று’ என்று வருகிறதே, அது அன்று நோயில் விழுந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. அன்று பட்டியலில் ஏறியவர்களின் எண்ணிக்கை. காய்ச்சல் தொடங்குவது ஒரு நாள், மாதிரி எடுப்பது இன்னொரு நாள், ஆய்வக முடிவு வருவது வேறொரு நாள். மையப் பட்டியலில் சேர்வது அதற்கும் பிறகு. வார இறுதியில் ஆய்வகத்தில் ஆட்கள் குறைவு. அதனால் ஞாயிறு, திங்களில் எண் சரியும். தேங்கியதெல்லாம் செவ்வாய், புதனில் சேர்ந்து வரும். சரிந்த அன்று ‘தணிந்தது’ என்றும் ஏறிய அன்று ‘மீண்டும் உச்சம்’ என்றும் தலைப்பு வைத்தால், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும்போது வாசகர் மட்டும் ஊசலாடுவார்.

2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டது தெரியவந்தது. சோதனை முடிவுகளை ஏற்றிய பழைய எக்செல் (கணினி அட்டவணை) கோப்பு வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏறாது. மிஞ்சியவை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உதிர்ந்துவிட்டன. கண்டுபிடித்து மொத்தமாகச் சேர்த்த வார இறுதியில் எண்ணிக்கை எகிறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டுமே கணக்கில் கொள்வது என்று வரையறை மாறியதும் பிரிட்டனின் மரண எண்ணிக்கை ஒரே நாளில் 5,377 குறைந்தது. யாரும் உயிர்த்தெழவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று சீனாவின் வூஹான் நகரம் விடுபட்ட 1,290 மரணங்களைச் சேர்த்தபோதும் அவை அன்றைய சாவுகள் அல்ல.

ஆகவே பெட்டியில் அன்றைய எண்ணுக்குப் பதிலாக ஏழு நாள் சராசரியையும், அதற்கு முந்தைய ஏழு நாள் சராசரியையும் அருகருகே தாருங்கள். பழைய பாக்கி சேர்ந்திருந்தால் அது எவ்வளவு என்று தனியே பிரித்துக் காட்டுங்கள். ‘தொடக்கம் முதல் இன்றுவரை’ என்று ஏறிக்கொண்டே போகும் வரைபடத்தைப் பெரிதாகப் போடுவதை விட்டுவிடலாம். நோய் ஓய்ந்த பிறகும் அந்தக் கோடு இறங்காது. எத்தனை பேரைச் சோதித்ததில் இத்தனை என்பதும் வேண்டும். 1,000 பேரைச் சோதித்து 50 பேருக்குத் தொற்று என்றால் 5 சதவீதம். அடுத்த வாரம் 4,000 பேரில் 120 என்றால் 3 சதவீதம். ‘இரு மடங்குக்கு மேல்’ என்ற தலைப்பு பொய்யில்லை, ஆனால் வாசகரைத் தவறான திசையில் அனுப்பிவிடும். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. முதலில் நோயாளிகளை மட்டும் சோதித்துவிட்டு, பிறகு அறிகுறி இல்லாதவர்களையும் சோதிக்கத் தொடங்கினால் சதவீதம் தானாகவே இறங்கும். யாரைச் சோதித்தார்கள் என்று கேட்காமல் அதையும் நற்செய்தியாக்கக் கூடாது.

மிகுந்த குழப்பம் இறப்பு விகிதத்தில்தான். இதில் இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். 2003இல் சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் பரவியபோது, அதுவரையான மரணங்களை அதுவரையான நோயாளிகளால் வகுத்து 4 சதவீதத்தை ஒட்டிச் சொன்னார்கள். அந்த நோயாளிகளில் பலர் இன்னும் படுக்கையில் இருந்தார்கள். பிழைப்பார்களா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் தன் மதிப்பீட்டை 14 முதல் 15 சதவீதமாக உயர்த்தியது. முடிவில் 8,096 பேரில் 774 பேர் இறந்திருந்தார்கள். அதாவது பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. 2009இல் எச்1என்1 எனும் பன்றிக் காய்ச்சலில் நேர்மாறாக நடந்தது. மெக்சிகோவில் முதலில் கண்ணில் பட்டவர்கள் மருத்துவமனைக்கு வருமளவு முற்றியவர்கள். வீட்டிலேயே குணமானவர்கள் கணக்கில் இல்லாததால் நோய் உண்மையைவிடப் பல மடங்கு கொடியதாகத் தோன்றியது. ஆனால் ஆய்வகத்தில் உறுதியான சுமார் 18,500 மரணங்களே முழுக்கணக்கு என்று அடங்கிவிடவும் முடியவில்லை. 2012இல் வெளிவந்த மதிப்பீடு முதல் ஆண்டின் மரணங்களை 1,51,700க்கும் 5,75,400க்கும் இடையே வைத்தது. தொற்றிய ஒருவருக்கான ஆபத்து முதலில் பயந்ததைவிடக் குறைவு. உலகின் மொத்தச் சாவு எண்ணப்பட்டதைவிட மிக அதிகம். இரண்டும் ஒரே நோயைப் பற்றியவை. பரவலின் முதல் வாரங்களில் ஒற்றை சதவீதத்தைத் தலைப்பில் ஏற்றுவதைவிட ‘மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் இதுவரை இத்தனை பேர்’ என்று எழுதுவது நேர்மையானது.

தடுப்பூசி பற்றிய ஒரு தலைப்பும் அடிக்கடி வருகிறது: ‘நோயுற்றவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டவர்கள்’. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 பேரில் 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 10 பேருக்கும் போட்டவர்களில் 18 பேருக்கும் நோய் வருகிறது. 28 நோயாளிகளில் 18 பேர் போட்டவர்கள், தலைப்பு சரிதான். ஆனால் ஆபத்து ஒரு பக்கம் 10 சதவீதம், மறுபக்கம் 2 சதவீதம். பின்னால் சொன்ன இரண்டு எண்களும் இல்லாமல் அந்தத் தலைப்பை அச்சேற்றவே கூடாது.

தொலைக்காட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அச்செய்திகளைப் பார்த்தவர்களிடம், சம்பவ இடத்தில் இருந்தவர்களிடம் கண்டதைவிடவும் அதிகமான மனஅழுத்தம் தென்பட்டது. பதற்றக்காரர்தான் அதிகம் பார்த்தார் என்றும் இதைப் படிக்கலாம். அப்படியே இருந்தாலும், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது அவருக்கு உதவாது. முழு உடல் கவசம் அணிந்தவர்களின் பழைய படங்களை எந்த நோய் வந்தாலும் எடுத்துப் போடுவதும் இந்த வகைதான்.

இதற்கெல்லாம் மாற்று, மூடி மறைப்பதோ ‘பீதியடைய வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போடுவதோ அல்ல. அந்த வரியைப் படிப்பவர், பீதியடைய ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆபத்தைச் சொல்லி, அதைத் தவிர்க்க என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டால் மனிதர்கள் இரண்டு வழிகளில் போவார்கள்: ஒன்று, காதை மூடிக்கொள்வார்கள்; இல்லையேல் கிடைத்த வைத்தியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். 2020இல் ஈரானில், சாராயம் கொரோனாவைக் கொல்லும் என்ற வதந்தியோடு மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

செய்ய வேண்டியதை எழுதும்போது அளவோடு எழுதுங்கள். காலரா பரவும்போது ‘உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கவும்’ என்று மட்டும் போட்டால் ஆபத்து; உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. ஓஆர்எஸ் பொட்டலமே நல்லது. அது கிடைக்காதபோது ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் அதே பெட்டியில், அதே எழுத்து அளவில் வரட்டும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான் என்பது எங்கள் நெடுநாள் குறை.

சக ஆய்வாளர்கள் சரிபார்க்காத முன்பதிப்புக் கட்டுரைகளை ‘விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’ என்று வெளியிடும் அவசரமும் குறைய வேண்டும். கொரோனா கிருமியில் எச்ஐவியை ஒத்த துணுக்குகள் இருப்பதாகச் சொன்ன ஒரு கட்டுரை 2020 ஜனவரி 31 அன்று இணையத்தில் ஏறி, இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது. செய்தியோ அதன் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. வதந்தியை மறுக்கும்போது தலைப்பில் உண்மை இருக்கட்டும், வதந்தி உள்ளே ஒரே ஒரு முறை வந்தால் போதும். வதந்தியையே தலைப்பாக்கி ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எண்கள் குறையத் தொடங்கியதும் பெட்டி உள்பக்கத்துக்குப் போகிறது, பிறகு ஒரு நாள் சொல்லாமல் மறைகிறது. நோய் முடிந்ததா, செய்திதான் முடிந்ததா என்று வாசகருக்குத் தெரிவதில்லை. முடிவை அறிவிக்கவும் விதி இருக்கிறது. எபோலாவுக்கு, உடலில் நுழைந்த கிருமி வெளிப்பட அதிகபட்சம் 21 நாள். அதன் இரு மடங்காக, கடைசி நோயாளி இறந்து அடக்கம் செய்யப்பட்ட நாளிலிருந்தோ இரண்டாவது சோதனையிலும் கிருமி இல்லை என்று உறுதியான நாளிலிருந்தோ 42 நாட்கள் புதிய தொற்று இல்லாமல் கழிய வேண்டும். அந்த 42 நாளையும், தொற்று எண்ணிக்கை வந்த அதே முதல் பக்கப் பெட்டியில் நாள்தோறும் எண்ணிக் காட்டுங்கள். இடையில் ஒரு புதிய நோயாளி வந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதையும் கீழே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நோய்த்தரவுப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்