புற்றுநோய் மாத்திரையைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது: சுகாதாரத் துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: இலக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு புற்றுநோயாளியின் மகன்
பெறுநர்: சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்
பொருள்: வாய்வழியாக எடுக்கும் இலக்குப் புற்றுநோய் மருந்துகளுக்குத் தாய்மொழி விளக்கத் தாளும், இரவிலும் பேசக்கூடிய உதவி எண்ணும் வேண்டி

ஐயா, வணக்கம்.

புற்றுச் செல்லை வளரவைக்கும் குறிப்பிட்ட கோளாறைக் குறிவைத்துத் தடுக்கும் இந்த இலக்கு மருந்துகளைக் குறை சொல்ல நான் எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் இமாட்டினிப் என்ற இலக்கு மாத்திரை வந்தபிறகு எத்தனை குடும்பங்களின் கதை மாறியது என்று உங்கள் துறைக்குத் தெரியும். அந்த மாத்திரையைத் தொடங்கியவர்களை நீண்ட காலம் கவனித்த ஐரிஸ் ஆய்வில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள், 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. என் அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது பரிசோதனையில் தெரிந்ததால் அதற்கான எர்லோட்டினிப் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். சில வாரங்களில் இருமல் அடங்கி, மூச்சு வாங்காமல் படி ஏறினார்.

ஆனால் கீமோ என்றால் ஊசி போட நர்ஸ் இருக்கிறார், பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறார். மாத்திரை என்றால் டப்பாவோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அதற்கப்புறம் எல்லாம் நோயாளியும் வீட்டில் இருப்பவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தலைவலி மாத்திரை போலத்தான் இதுவும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், யாரும் சொல்லாவிட்டால் வேறு எப்படி நினைப்பார்கள்?

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் வந்தது, வேறொரு டாக்டர் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் எழுதிக் கொடுத்தார், மருந்துக் கடையில் எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள். எர்லோட்டினிப் கரைந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், ஒமிப்ரசோலோடு சேர்த்து எடுத்தால் ரத்தத்தில் சேரும் மருந்து கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது ஒரு மருந்தாளுநர் தற்செயலாக மற்ற மாத்திரைகளைப் பற்றிக் கேட்டதால்தான் இது தெரியவந்தது. அவர் கேட்டிருக்காவிட்டால் தினமும் தவறாமல் மாத்திரை போட்டும் அம்மாவுக்குப் பாதி மருந்துதான் போய்ச் சேர்ந்திருக்கும், நோய் கூடினால் மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள்.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் பிரட்டும். எர்லோட்டினிப்பைச் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், உணவோடு எடுத்தால் அளவுக்கு மீறி உடம்பில் சேரும். இரண்டுமே புற்றுநோய் மாத்திரைதான், ஆனால் விதி நேர் எதிர். டப்பாவுக்குள் இருக்கும் பொடி எழுத்துத் தாளில் இதெல்லாம் இருக்கிறது என்று சொல்வார்கள், எழுபது வயதுக்காரர் அதைப் படித்துப் புரிந்துகொள்வார் என்று உங்களால் நம்ப முடிகிறதா?

பக்க விளைவுகளையும் பயமுறுத்தாமல், மறைக்காமல் சொல்லித் தர வேண்டும். எர்லோட்டினிப் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி தடிப்பு வருவது சகஜம், அதற்குக் களிம்பும் மாத்திரையும் இருக்கின்றன, தேவைப்பட்டால் டாக்டரே டோஸைக் குறைப்பார். இது தெரியாதவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். மாறாக, திடீரென்று புதிதாக மூச்சுத் திணறலோ இருமலோ காய்ச்சலோ வந்தால் அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் பேச வேண்டும். எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு ஓட வேண்டும் என்ற இந்த வித்தியாசத்தை இரவு பதினொரு மணிக்கு யாரிடம் கேட்பது?

ஆகவே ஐயா, ஒவ்வொரு மருந்துக்கும் பெரிய எழுத்தில், நோயாளியின் தாய்மொழியில் ஒரே ஒரு பக்கத் தாள் தயாரித்து மாத்திரையோடு கட்டாயம் கொடுக்க உத்தரவிடுங்கள். மாத்திரையை எப்போது எடுப்பது, ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்வது (இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது), எந்த அறிகுறிக்கு உடனே கூப்பிடுவது, மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது, இவ்வளவு இருந்தால் போதும். மாத்திரை கொடுக்கும்போதே நோயாளி எடுக்கும் மற்ற எல்லா மருந்துகளையும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், பூஞ்சை மருந்துகள், மூலிகை மருந்துகள் உட்பட, மருந்தாளுநர் கேட்டு எழுதிச் சரிபார்க்க வேண்டும். புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் எடுத்துப் பேசும் 24 மணி நேர எண் ஒன்று வேண்டும், முதல் இரண்டு வாரத்துக்குள் அவர்களே ஒருமுறை நோயாளியைக் கூப்பிட்டு விசாரித்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பரிசோதனைகளையும் இதோடு இணைக்க வேண்டும். இதே வகை மாத்திரைகளில் நிலோட்டினிப் இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கலாம், அதற்கு இ.சி.ஜி வேண்டும். பாஸோபானிப் ஈரலைத் தாக்கலாம், சுனிட்டினிப் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். அடுத்த மாத மாத்திரை கொடுக்குமுன் உரிய பரிசோதனை முடிந்ததா என்று ஒருவர் பார்க்க வேண்டும், அதே சமயம் ஒரு முத்திரை இல்லை, ஒரு படிவம் இல்லை என்று மாத்திரையை நிறுத்தி வைக்கவும் கூடாது, இடைவெளி விழுந்தால் நோய் மறுபடி தலைதூக்கும்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை, எல்லாத் தகவலும் உங்கள் துறை நிபுணர்களிடமே இருக்கிறது. விளக்கத் தாளையும் உதவி எண்ணையும் எப்போது தொடங்க முடியும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்