உரையைக் கையால் மூடிக்கொள்

சேலம், அம்மாபேட்டை

அன்புள்ள கண்ணுவுக்கு,

குறுந்தொகையில் நாலு பாட்டு படித்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை, இனிமேல் உரையைப் படித்துவிட்டுத்தான் பாட்டுக்கு வருவேன் என்று போனில் சொன்னாய். எனக்கு அதில் சம்மதமில்லை. உரை எங்கேயும் ஓடிப்போகாது. ஒட்டவில்லையென்றால் ஏன் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வை.

மூன்றாம் பாட்டையே எடுத்துக்கொள். தேவகுலத்தார் பாடியது, நாலே அடி. நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று தலைவி அடுக்கிக்கொண்டே போகிறாள். எது என்று மட்டும் சொல்வதில்லை. கடைசிச் சொல்லில்தான் காதலனோடு கொண்ட நட்பு என்று தெரிகிறது. அதுவரை நம் மனசு சும்மா இருக்குமா? கடவுளா, மலையா என்று எதையாவது வைத்துப் பார்க்கும், அப்புறம் எடுத்துவிடும். உரையை முதலில் படித்தால் இந்த வேலையே மனசுக்கு இல்லாமல் போய்விடும்.

வகுப்பில் இதை நடத்தினால் பிள்ளைகள், "ரொம்ப பில்டப், டீச்சர்" என்பார்கள். ஒரு பையன், "ஆளு எப்படி இருப்பான்னே சொல்லலியே" என்றான். நோட்ஸ் மனப்பாடம் செய்தவன் எவனும் அதைக் கேட்டதில்லை. நிஜம்தான், அவன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கரிய காம்புள்ள குறிஞ்சிப் பூவில் தேனீக்கள் தேன் சேர்க்கும் மலைச்சாரல்தான் இருக்கிறது. அந்த மலையை வைத்துத்தான் அவனைப் பார்க்க வேண்டும்.

இதற்கப்புறம் துறைக்குறிப்பைப் படி, யார் எந்தச் சூழலில் பேசுகிறார்கள் என்று அதில் இருக்கும். தோழி அவனைக் குறை சொல்கிறாள். அவனோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பில்டப் என்று நினைத்தது இப்போது பதிலடியாகிவிடுகிறது! ஆனால் அந்தக் குறிப்பு பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. நீ ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம்.

குறிஞ்சி நம் சேர்வராயன் மலையிலும் உண்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். அதை நினைத்துக்கொண்டு படித்தால், நாள்பட்ட நட்பு என்று பெருமைப்படுகிறாளா, இனி எப்போது வாய்க்குமோ என்று பயப்படுகிறாளா என்று எனக்குச் சந்தேகம் வரும். வயசு ஏற ஏற எனக்குப் பயம்தான் தெரிகிறது. அப்பா பெருமைதான் என்று அடித்துச் சொல்கிறார். அவர் எதையும் ஒரு தடவைதான் படிப்பார்.

1937-இல் உ.வே.சா. பதிப்பித்த உரையின் மறுபதிப்பு இங்கே அலமாரியில் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள். அதற்குள் நாற்பதாம் பாட்டு வரைக்குமாவது வந்துவிடு. பென்சில் எழுத்தை அழித்துவிடாதே, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா