நொய்யலை அளக்க விடியலுக்கு முன் போங்கள்

ஆசிரியருக்கு,

நொய்யல் நீரைச் சோதிக்கும் தன்னார்வலர்கள் டிடிஎஸ் மீட்டரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அது கரைந்த உப்பைத்தான் காட்டும். திருப்பூர்ச் சாயக்கழிவுக்குச் சரி, வீட்டுச் சாக்கடைக்குப் போதாது. சாக்கடை நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பதால், கரைந்த ஆக்சிஜனையும் பார்க்க வேண்டும், அதுவும் சூரியன் எழுமுன். பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் இழுத்துக்கொள்ளும்; மதியம் எடுத்த அளவை நம்பி ஏமாறாதீர்கள். குளிக்கும் நீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது தேவை.

பாட்டிலை நீருக்குள் முழுதாக அமிழ்த்தி நிரப்பி, அங்கேயே மூடுங்கள். ஒரு குமிழி சிக்கினாலும் கணக்குக் கெட்டது. ஆக்சிஜனைப் பிடித்து நிறுத்தும் வேதிப்பொருள்களான மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் ஆற்றங்கரையிலேயே சேர்த்துவிடுங்கள்; வீடு போய்ச் சேர்வதற்குள் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

கருவி இல்லையா? ஆற்றுக்கல்லைப் புரட்டுங்கள். மூன்று வால் இழையுள்ள மேஃப்ளை இளம்பூச்சிகள் ஒட்டியிருந்தால் நீர் தேவலை. சிவப்பு ரத்தப்புழு மட்டுமே நெளிந்தால், மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது என்று தேடிப் போகலாம்.

– வாசகர், கோவை