நயம் பாராட்டலும் நாலைந்து தலைப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பொதுத்தேர்வு நெருங்கிவரும் இவ்வேளையில், தமிழ்த்தாளில் இடம்பெறும் 'இலக்கிய நயம் பாராட்டுக' என்னும் வினாவைப் பற்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கொடுக்கப்பட்ட பாடலைப் படிக்காமலேயே அந்த வினாவுக்குப் பெரும்பகுதி விடையை எழுதிவிட முடிகிறது என்பதே அது.

'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை', 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை', 'சந்தம் தமிழுக்குச் சொந்தம்' ஆகிய வாசகங்களை நம் பள்ளிகளில் தமிழ் படித்தவர் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மாணவர் செய்ய வேண்டியதெல்லாம், தலைப்புக்கு ஒரு வாசகத்தை எழுதிவிட்டு, முதலெழுத்து ஒத்து வரும் இரு சொற்களையும் இரண்டாமெழுத்து ஒத்து வரும் இரு சொற்களையும் வினாத்தாளிலிருந்து பெயர்த்து வைப்பதுதான். இவற்றைப் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவர்களில் நானும் ஒருவன். வீட்டில் எழுத்து வாசனை இல்லாத பிள்ளை தேர்ச்சி பெற அது கைகொடுத்தது என்பதால் அதை முழுவதும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நன்றாகப் படிக்கக்கூடிய மாணவரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஓர் அரையாண்டுத் தேர்வில் குறுந்தொகையின் மூன்றாம் பாடலை நயம் பாராட்டக் கொடுத்திருந்தேன்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

வந்த விடைத்தாள்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் 'நிலத்தினும் – நீரினும்' மோனை என்றும் 'கருங்கோல் – பெருந்தேன்' எதுகை என்றும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் மிகத் தெளிவான கையெழுத்தில் இருந்த ஒரு விடைத்தாளில், 'தலைவனின் நட்பு வானத்தைவிட உயர்ந்தது அன்று' என்று மையக்கருத்து எழுதப்பட்டிருந்தது. 'உயர்ந்தன்று' என்பதை 'உயர்ந்தது' என்று கொள்ளாமல் எதிர்மறையாகக் கொண்டதால் நேர்ந்த பிழை. தலைவியின் பேச்சே தலைகீழாகிவிட்டபோதும், மோனைக்கும் எதுகைக்கும் உரிய மதிப்பெண்ணை நான் போட்டேன்; விதிப்படி போடத்தான் வேண்டியிருந்தது.

தவறு மாணவர் பக்கம் மட்டும் இல்லை. இப்பாடலுக்குப் பழங்குறிப்பு ஒன்று உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். அவன் விரைந்து மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள். அதற்கு மறுமொழியாகத் தலைவி கூறியது இது. இந்தக் குறிப்பை நான் வினாத்தாளில் தரவில்லை. அது தெரிந்தால்தான் நிலமும் வானும் கடலும் ஏன் ஒன்றரை அடிக்குள் இத்தனை வேகமாக வந்து விழுகின்றன என்பது விளங்கும். பழிச்சொல் கேட்டுப் பொறுக்காதவளின் வேகம் அது. பெரிது, உயர்ந்தது, ஆழமானது என்று அடுக்கிக்கொண்டே போகிறவள், எது என்பதை மட்டும் சொல்லவில்லை. 'நட்பே' என்ற எழுவாய் பாட்டின் கடைசிச் சொல்லாகத்தான் வருகிறது. 'தலைவனொடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது' என்று நாம் திரண்ட கருத்து எழுதப் பழக்கும்போது, முதலில் கலைத்துப்போடுவது அந்த வைப்பு முறையைத்தான். எதுகையும் அப்படியே. கரிய கொம்பில் பூத்த பூவிலிருந்து பெருந்தேன் திரள்கிறது. கருங்கோலுக்கும் பெருந்தேனுக்கும் இடையில் இருக்கும் அத்தனை உழைப்பையும் ஈரடிக்குள் இணைத்துக் கட்டுவது அந்த எதுகைதான். இதைத் தன் சொல்லில் இரண்டு வரி எழுதும் மாணவருக்கு, சொல்லிணையை மட்டும் பெயர்த்து வைத்தவருக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணே கிடைக்கிறது.

இப்படிப் படிப்பதை மேல்நாட்டுத் திறனாய்வு என்று சிலர் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். தொல்காப்பியச் செய்யுளியலைத் திறந்து பார்த்தால் அந்த ஐயம் நீங்கும். அங்கே எண்ணப்படும் 34 செய்யுள் உறுப்புகளில், மோனையும் எதுகையும் முரணும் இயைபும் சொற்களை ஓசையாலும் பொருளாலும் தொடுக்கும் 'தொடை' என்ற ஒரே உறுப்புக்குள் அடங்கிவிடுகின்றன. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், உணர்ச்சி வெளிப்பாடாகிய மெய்ப்பாடு ஆகியவையோ தனித்தனி உறுப்புகள். யார் சொல்கிறார், யாரிடம், எங்கே, எப்போது, எதற்காக என்று கேட்பதைத் தொல்காப்பியர் அத்தனை முதன்மையாக வைத்திருக்க, நாம் அவற்றை விட்டுவிட்டு ஒரே உறுப்பின் கிளைகளை மட்டும் தலைப்புகளாக்கிக்கொண்டோம்.

உரைநடைப் பத்திக்கும் இதே நிலைதான். 1880 அக்டோபர் 21 அன்று அவ்வூர் முன்சீபான சேலம் இராமசாமி முதலியாரைக் கும்பகோணத்தில் முதன்முதலாகச் சந்தித்ததை உ.வே.சா. தம் தன்வரலாறான 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். அப்பகுதியைத் தேர்வுக்குக் கொடுத்தால், சந்தித்தவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்றுதான் வினாக்கள் அமையும். விடைகளைப் பத்தியிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிடலாம். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டதும், தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அவர் ஒன்றுவிடாமல் நீளமாக அடுக்குவது ஏன், முதலியாரின் மறுமொழி மட்டும் அத்தனை குறுகியிருப்பது ஏன் என்று ஒரு வினா கேட்டுப் பாருங்கள். அந்த நீளத்தையும் குறுக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துத்தான், அன்று தம் மனத்தில் நேர்ந்ததை அவர் நமக்கு உணர்த்துகிறார். கேட்டால் மாணவர் கண்டுபிடிப்பார்கள். வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

வினாத்தாள் அமைப்போரிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பழம்பாடல் கொடுத்தால் அதன் கூற்றுக் குறிப்பையும் அருஞ்சொற்களுக்குப் பொருளையும் சேர்த்து அச்சிடுங்கள். பொருள் தெரியாத பாட்டில் நயம் தேடச் சொல்வது நியாயம் அன்று. மோனையும் எதுகையும் இருக்கட்டும். ஆனால் அவற்றுள் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பிலேயே ஒரு வரி சேருங்கள். விடைத்தாள் திருத்துவோருக்கு இதனால் தாளுக்கு இரண்டு நிமிடம் கூடும் என்பதை அறிவேன். அதற்கேற்ப நாளொன்றுக்குத் தரப்படும் தாள்களின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். விடைக்குறிப்பு மாறினால் வழிகாட்டி நூல்கள் அடுத்த ஆண்டே மாறிவிடும்; அந்த வேகத்தில் அவற்றை வெளியிடுவோரை யாரும் விஞ்ச முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைத் தமிழாசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.