ஒன்பது மணி மாத்திரை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள ராஜுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததும் இவளுக்கு ஒரே சந்தோஷம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாதே, டாக்டரைப் பார்.

ஒரு ஆளுக்கு இதயம் மாற்ற அரசாங்கம் கொட்டுகிற லட்சங்களில் நாலு ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சரிபண்ணலாமே என்று கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் நானும் உன் கட்சிதான். சின்னக்குழந்தையின் தொண்டைவலியைக் கவனிக்காமல் விட்டு, அது ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுத்தால், அங்கே தேவைப்பட்டது பென்சிலின்தான்: தொண்டைவலிக்கு அப்போதே, காய்ச்சல் வந்த பிறகு மூன்று வாரத்துக்கொரு ஊசி. அதை மறுக்கவில்லை.

ஆனால் என் அக்கா மகனுக்கு வந்தது அது இல்லை. இதயத் தசை தளர்ந்து, பலூன்போல் ஊதிவிட்டது. 30 வயதில் பாத்ரூம் வரை நடக்க முடியாமல் உட்கார்ந்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் சென்னையில் மாற்று இதயம் வைத்தார்கள். அக்கா வீடு விற்காமல் தப்பியது. கொடுத்தவர் உடம்பிலிருந்து எடுத்த இதயம் வெளியே தாங்குவது சுமார் 4 மணி நேரம். நம்மூர் பஸ் சென்னை போய்ச் சேருகிற நேரம்!

இப்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் என்னோடு நடக்கிறான். போன வாரம் ஒரு நாய் துரத்த, இருவரும் ஓடினோம். எனக்கு உடனே படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் சும்மா சிரித்தான். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து என் மூச்சு அடங்கிய பிறகுதான் அவன் நாடி வேகமெடுத்தது. பழைய நரம்பெல்லாம் அறுபட்டதால், பயந்த சேதி ரத்தத்தின் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர வேண்டுமாம். தபால்காரர் கொண்டுவருவது மாதிரி, மாமா, என்கிறான்.

ராத்திரி சரியாக 9 மணிக்கு அவன் போன் கத்தும். டாக்ரோலிமஸ் மாத்திரை. காலையிலும் 9. உடம்பு அந்த இதயத்தை அந்நியன் என்று விரட்டாமல் இருக்க, ஆயுள் முழுக்க. 1967இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டாக்டர் பர்னார்ட் உலகிலேயே முதன்முதலாக மனித இதயத்தை மாற்றினாரே, அந்த நோயாளி இருந்தது 18 நாள். அடுத்த வருஷம் உலகமெங்கும் போட்டி போட்டுச் செய்து, பெரும்பாலானோர் சில மாதங்களில் போக, பல ஊர்களில் கைவிட்டார்கள். 80களில், உடம்பின் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று உலகக் கணக்கில் 100க்கு 80 பேருக்கு மேல் முதல் ஆண்டைத் தாண்டுகிறார்கள். பாதிப் பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஆகாது என்றும் சொல்லாதே. நம் நாட்டில் வெற்றிகரமான முதல் மாற்று 1994இல் டெல்லி எய்ம்ஸில்தான், டாக்டர் வேணுகோபால் குழு செய்தது.

என் மனக்குறை வேறே. சித்திரையில் மாத்திரை வாங்கப் போனால் பத்து நாளைக்குக் கொடுத்து, "ஸ்டாக் இல்ல, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா சீட்டுப் பணத்தை உடைத்து வெளியே வாங்கினாள். ஆபரேஷன் அன்று சைரன், போட்டோ, பேப்பர் செய்தி எல்லாம் உண்டு. மாத்திரை தீர்ந்த அன்று ஒருவரும் இல்லை. எத்தனை ஆபரேஷன் ஆயிற்று என்று அறிவிக்கிறார்கள். அதில் எத்தனை பேர் ஐந்தாம் வருஷமும் மாத்திரை வாங்க வருகிறார்கள் என்றும் சொல்லட்டும். அப்புறம் நாம் சண்டை போடலாம்.

மாசி மகத்துக்கு வா. அவனையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகலாம். கூட்டத்தில் ஒட்டி நடக்காதே, மாத்திரை அவன் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறது, சளி பிடிக்கக் கூடாது.

உன்,
கோபால்