தேர்வுக்குப் பிறகு யார் வருவார்கள்?

அன்புள்ள சேதுவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டால் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதுவாய் என்பதால் கேட்கவில்லை. அக்கா கொடுத்தனுப்பிய நாரத்தங்காய் வந்து சேர்ந்தது.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலர்களாகப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு, பெரியவர்களிடம் எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லித்தர என்னை அழைத்திருந்தார்கள். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் பழைய ஆள் என்ற பட்டம் இன்னும் செல்லுபடியாவதில் எனக்குப் பெருமைதான், நீ சிரித்துக்கொள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நம் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நீ கற்றுக்கொடுத்த லட்சணத்தை மட்டும் நான் சொல்லவில்லை. கண்மாய்க்கரை விவகாரம் நம்மோடு போகட்டும்.

அந்தப் பிள்ளைகளிடம் குறையொன்றும் இல்லை. வணிகவியல் படிக்கும் ஒரு பெண், எண்களைக் கற்பிக்க நியாய விலைக்கடை ரசீதுகளைத்தான் எடுத்துப் போகிறாள். நூறு நாள் வேலை அட்டையில் தன் பெயருக்கு எதிரே எத்தனை நாள் பதிந்திருக்கிறார்கள் என்று தானே பார்க்க வேண்டும் என்று கேட்ட ஒரு பாட்டிக்கு, அந்த அட்டையையே பாடப்புத்தகமாக்கிவிட்டாள். பெரியவர்களுக்குத் தேவையிலிருந்துதான் எழுத்து தொடங்க வேண்டும் என்பதை நாம் எத்தனையோ பயிற்சி முகாம்களில் உட்கார்ந்து கற்றோம். இவள் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

என்னை உறுத்துவது இவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியையின் நிலை. அவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம். பல்கலைக்கழக மானியக் குழு 50,000 வரை தரலாம் என்று 2019இலேயே சொன்னது ஏட்டளவில் நிற்கிறது. வேலை முடிந்து வந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகே பெண்கள் வகுப்புக்கு வருவார்கள் என்பதால், மாணவிகளுக்குத் துணையாக இவரும் இரவு எட்டரை மணிவரை அந்த ஊரில் இருக்கிறார். இந்த நேரத்துக்கு அவருடைய பணிச்சுமைக் கணக்கில் இடமே இல்லை. ஆனால் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் காட்டுவதற்கு, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்ற விகிதம் பதிவேட்டில் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது. துறைத்தலைவரிடம் இதைக் கேட்டேன். 'சேவைதானே ஐயா' என்றார். சேவை என்ற சொல்லைச் சம்பளம் வாங்குகிறவர்கள் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள், பார்த்தாயா?

திட்டத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 2022 முதல் 2027 வரை ஐந்து கோடிப் பேருக்கு எழுத்தறிவு, செலவு 1,037.90 கோடி. ஆளுக்கு 207 ரூபாய்தான் வருகிறது, சேது! 2009இல் வந்த சாக்‌ஷர் பாரத் திட்டத்தில் ஊராட்சிக்கு இரண்டு ஊக்குநர்களை வைத்து, ஆளுக்கு மாதம் 2,000 ரூபாயாவது கொடுப்பதென்று இருந்தது. அது போதாது என்று கத்தினோம். இன்று அதுவும் இல்லை. 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, படிக்க, எழுத, கணக்குப் போட ஐம்பது ஐம்பதாக. அதில் தேறினால் சான்றிதழ். மறுநாள் அந்த மையம் இருந்த இடத்தில் மீண்டும் நெல் மூட்டை.

நாம் பார்க்காததா இது? 1992இல் நம் மாவட்டமே முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 77 விழுக்காடு, பெண்களில் 69. எடுத்துக்கொண்ட வயது வேறு, கணக்கெடுத்த முறை வேறு என்று நீ வாதிடுவாய். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, தொடர்கல்வி மையங்கள் ஒவ்வொன்றாக மூடிப்போனது. பேருந்துப் பலகையைப் படிக்கக் கற்றவர்களுக்கு அதற்கு மேல் படிக்க நாம் எதையும் வைக்கவில்லை.

ஆகவே கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வழிகாட்டும் நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். தேர்வுக்குப் பிறகும் ஓராண்டாவது, வாரம் இரண்டு மாலை, நாளிதழும் பெரிய எழுத்துப் புத்தகங்களுமாக அந்த மையம் திறந்திருக்க வேண்டும். வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போல ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பாமல், இந்த ஓராண்டுச் செலவை எந்தத் தலைப்பில் கேட்டால் கருவூலத்தில் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று எழுது. முப்பது வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நீதான்.

அன்புடன்,
முருகு