லாம்பிரட்டா பிறந்த ஊரிலிருந்து

மிலான்,
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான், உங்கள் மருமகள், பேத்தி மூவரும் நலம். அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? கண் ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அந்தத் தைரியத்தில்தான் நீளமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசினான். மாடிப்படிக்குக் கீழே நிற்கிற விஜய் சூப்பர் ஸ்கூட்டரை எடைக்குப் போட ஆளைக் கூட்டிவந்து காட்டினானாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் வண்டி நிறுத்த இடம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் தெருவுக்குள் வந்து வண்டி சீட் வரை மூழ்கி நின்றதே, அதற்கப்புறம் அது கிளம்பவேயில்லை. "என்ஜின் ஜாம் ஆயிட்ச்சி, இனிமே அத்த வெச்சி இன்னா பண்றது, போட்டுடு" என்று நீங்களே சொல்லிவிட்டீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அப்பா, அந்த வண்டியைப் போட வேண்டாம். அது ஓடும். சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. அதே என்ஜினை இங்கே என் கையால் பிரித்து, மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இதை இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை. மார்ச் மாதம் 1,400 யூரோ கொடுத்து ஒரு பழைய லாம்பிரட்டா ஸ்கூட்டர் வாங்கினேன், நம் விஜய் சூப்பருக்கு மூல வண்டி. எல்.ஐ. 150, 1964-ல் செய்தது. வீட்டுக்கு அனுப்புகிற பணத்தில் கைவைக்கவில்லை, முழுக்க ஓவர்டைம் காசு. இருந்தாலும் நம் ஊர் ரூபாயில் கணக்குப் போட்டால் உங்களுக்கு மனசு பதறும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நாங்கள் குடியிருக்கிற பகுதிக்கு லாம்பிராத்தே என்று பேர். பக்கத்தில் லாம்ப்ரோ என்று ஒரு ஆறு. லாம்பிரட்டா என்கிற பேரே அந்த ஆற்றை வைத்து வந்ததுதான். வாடகை கட்டுப்படியாகிறது, வேலைக்குப் போக மெட்ரோ இருக்கிறது என்றுதான் இங்கே வீடு எடுத்தோம். நம் வீட்டு வண்டியின் தாய்வீட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறேன் என்பது ஆறு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கே நடந்து போய்ப் பார்த்தேன். லாம்பிரட்டா செய்த இன்னொசென்டி தொழிற்சாலை இருந்த இடத்தில் ஒரு பெரிய கூடத்தின் இரும்புச் சட்டம் மட்டும் கூரையில்லாமல் நின்றுகொண்டிருந்தது. பின்னி மில்லை மூடிய பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நீங்கள் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வருவீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொசென்டி என்பவர் முதலில் ஸ்கூட்டர்க்காரர் இல்லை. கட்டிட வேலைக்குச் சாரம் கட்டுகிற இரும்புக் குழாயும், குழாய்களைப் பிணைக்கிற கவ்வியும் செய்தவர். இன்றைக்கும் இங்கே சாரக் குழாய்க்குக் கொத்தனார்கள் சொல்கிற பேர் 'டூபி இன்னொசென்டி'தான். போர் முடிந்து 1947-ல் முதல் லாம்பிரட்டா வந்தது. குழாய் செய்தவர் என்பதால் வண்டிக்கும் உள்ளே தடிமனான குழாய்தான் முதுகெலும்பு. வெஸ்பாவுக்கு அப்படி இல்லை, தகரமே உடம்பு. "வெஸ்பா தகரம்டா, இது இரும்பு" என்று நீங்கள் சொல்வீர்கள். அதற்கு இவ்வளவு கதை இருக்கிறது.

கீழ்வீட்டுப் பெரியவர் அந்தத் தொழிற்சாலையில் 16 வயதில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். உங்களை மாதிரியே ஃபிட்டர். 1971-ல் ஸ்கூட்டர் வேலை நின்றுபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். மறுவருஷம் நம் அரசாங்கம் லாம்பிரட்டா மெஷின்களையும் பேரையும் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுபோய், ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்று கம்பெனி தொடங்கியது. அங்கிருந்துதான் விஜய் சூப்பர். பஜாஜுக்குப் பணம் கட்டினால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலத்தில், 1981-ல் நீங்கள் லோகோ ஒர்க்ஸ் சொசைட்டியில் கடன் போட்டு எடுத்தீர்கள். "எங்க அப்பா உங்க மெஷின்ல செஞ்ச வண்டியைத்தான் ஓட்டினார்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

சரி, என்ஜினுக்கு வருகிறேன்.

இங்கே கராஜைப் 'பாக்ஸ்' என்கிறார்கள். எங்கள் கட்டிடத்துக்குக் கீழே ஒரு பாக்ஸ் மாத வாடகைக்குப் பிடித்தேன். மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை சத்தம் போடக்கூடாது என்று கட்டிடத்தில் விதி. அந்த நேரத்தில் கழுவுகிறது, துடைக்கிறது, அளக்கிறது மட்டும். இப்போது குளிர் வந்துவிட்டது. வழக்கமாக அக்டோபர் 15-க்கு மேல்தான் வீடுகளுக்கே ஹீட்டிங் போடுவார்கள், பாக்ஸில் அதுவும் கிடையாது. ஸ்பானரைத் தொட்டால் ஐஸ் மாதிரி ஒட்டும்.

விற்றவர் என்ஜின் சுற்றுகிறது என்றார். கொண்டுவந்து பார்த்தால் கிக்கர் அசையவில்லை. உங்கள் வண்டி மாதிரியேதான் ஜாம். பெரியவர் முதலில் சொன்னது, "உதைக்காதே". உதைத்தால் கிக்கர் பல் போகும், கனெக்டிங் ராடும் வளையும். பிளக்கைக் கழற்றி டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். லாம்பிரட்டாவில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிறதல்லவா, வண்டி சமமாக நின்றால் எண்ணெய் கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கும், மேல்பக்கம் ரிங் நனையாது. அதனால் முன்சக்கரத்தை ஒரு ஸ்டூல் உயரத்துக்குத் தூக்கி வைத்து ஊற்ற வேண்டும். குறையக் குறைய மறுபடி ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள் மேக்னெட் வீலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டியபோது ஒரு நூல் அளவு நகர்ந்தது. அந்த ஒரு நூல் போதும் என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் பிரித்தேன். கீழே பேப்பர் விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தேன். வேறு எப்படி வைப்பேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வாசலில் தினத்தந்தி விரித்து உட்காருவீர்கள். அலுமினியத் தாம்பாளத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் இருக்கும். நட்டுகளை டால்டா டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கழுவுவது என் வேலை. "வரிசையா வைடா, மாட்றப்ப அதுவே சொல்லிக் குடுக்கும்" என்பீர்கள். அந்தக் கறுப்பு மண்ணெண்ணெய்க்குள் விரல் நுனியால் துழாவி, வாஷரா சர்க்ளிப்பா என்று பார்க்காமலே கண்டுபிடிப்பேன். ஐ.டி.ஐ.யில் சேருவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த வேலை முழுக்க அந்தத் தாம்பாளத்தில் படித்ததுதான். இன்றைக்கு மிலானுக்குப் பக்கத்து ஊரான செஸ்டோவில் மெஷின் ஷாப்பில் நான் நிற்கிறேன் என்றால் அதனால்தான் நிற்கிறேன். இதை உங்களிடம் நேரில் எப்போதும் சொன்னதில்லை.

கியர் பாக்ஸைத் திறந்தபோது ஒரு பழைய கேள்விக்குப் பதில் கிடைத்தது. நம் வண்டியில் செகண்ட் கியர் நழுவும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறங்கி மறுபக்கம் ஏறும்போது படக்கென்று நியூட்ரலுக்கு விழும், பின்னால் அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நீங்கள் கேபிளை எத்தனையோ தடவை இழுத்துக் கட்டினீர்கள். மெக்கானிக்கும் கேபிள்தான் என்றார். கேபிள் இல்லை அப்பா. கியர் சக்கரங்களுக்குள் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கிற ஸ்லைடிங் டாக் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அதன் முனை சதுரமாக இருக்க வேண்டும். இந்த வண்டியில் அது தேய்ந்து, சப்பிப்போட்ட புளிப்பு மிட்டாய் மாதிரி உருண்டையாக இருந்தது. லோடு விழுந்ததும் பிடி வழுக்கிவிடும். கூடவே முதல் கியர் சக்கரத்துக்கு வெளியே இருக்கிற ஷிம் என்கிற மெல்லிய வளையத்தையும் பார்க்க வேண்டும். ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு அளந்தால் 0.07 மில்லிமீட்டரிலிருந்து 0.30-க்குள் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமானால் சக்கரங்கள் ஆடும், கியர் நிற்காது. முப்பது வருஷமாக நீங்கள் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள், உங்கள் மேல் தப்பே இல்லை. உள்ளே திறந்து காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கியர் ஆயில் குறையும், தரையில் ஒரு சொட்டும் இருக்காது என்பீர்களே, அதற்கும் விடை அதே என்ஜினில்தான். செயின் பக்கத்து ஆயில் சீல் கல் மாதிரி இறுகிவிட்டால் கிராங்க் கேஸ் அந்தக் கியர் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும், என்ஜின் அதை எரித்துவிடும். அந்த வெள்ளைப் புகை அதுதான்.

சிலிண்டர் 0.12 மில்லி தேய்ந்திருந்தது, உங்கள் கணக்கில் ஐந்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை எங்கள் ஷாப்பிலேயே போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டினேன். கிராங்க் வாங்க ஸ்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் எண்ணெய்த் தாளில் சுற்றிய பழைய சரக்கு ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் லக்னோவில் செய்தது! மிலானிலிருந்து போன மெஷினில் செய்து, மறுபடி மிலானுக்கே வந்த கிராங்க். இங்கே லாம்பிரட்டா வைத்திருக்கிறவர்கள் நம் ஊர் சாமானை நம்பித்தான் வண்டியை உயிரோடு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நிமிஷம் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

பேரிங் மாட்டிய விதத்தை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். செயின் பக்கத்துப் பேரிங் 6305 நம்பர், சி4 ரகம். சுத்தியலால் தட்டக்கூடாது. முந்தின ராத்திரியே பேரிங்கைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃப்ரீசரில், நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ஜின் கேஸ் பெரியது, ஓவனுக்குள் போகாது. பேரிங் உட்காருகிற இடத்தைச் சுற்றி ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினேன். எவ்வளவு சூடு போதும் என்று தெரியவில்லை. உங்கள் மருமகள் பக்கத்தில் நின்றவள், விரலைத் தண்ணீரில் நனைத்துத் தெளித்தாள், தோசைக்கல்லில் தெளிப்பது மாதிரி. முதல் தடவை தண்ணீர் வழிந்து ஓடியது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது தடவை 'சுர்' என்று முத்து முத்தாகத் துள்ளியது. "இப்ப ஊத்தலாம்" என்றாள். பனி பூத்த பேரிங்கை எடுத்து அந்தக் கேஸின் வாயில் வைத்ததும், அது தானாகவே இறங்கி அடியில் 'டக்' என்று உட்கார்ந்தது. ஒரு தட்டு தட்டவில்லை.

ஒரு தப்பும் செய்தேன். பிஸ்டன் பின் மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயில் துணி அடைக்க மறந்தேன். பின்னைப் பிடித்து நிறுத்துகிற சர்க்ளிப் வளையம் தெறித்து உள்ளே விழுந்தது. அதை எடுக்க இரண்டு நாள் போயிற்று. "துணி வெச்சியா?" என்று நீங்கள் கேட்கிற குரல் அந்த இரண்டு நாளும் காதிலேயே இருந்தது.

போன சனிக்கிழமை, 4 மணிக்கு மேல், லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றி, சோக் இழுத்து, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி உதைத்தேன். ஒன்பதாவது உதையில் பிடித்தது. பாக்ஸ் முழுக்கப் புகை. பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் ஓடவில்லை. லோகோ சங்கு ஊதி கால் மணி நேரத்தில் நம் தெருமுனையில் வருகிற வாசனை அது.

பெயிண்ட் வேலை பாக்கி இருக்கிறது. அவசரமில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தம்பியை விட்டு முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பிளக்கைக் கழற்றி, நான் சொன்ன கலவையை ஊற்றச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை பார்த்து ஊற்றட்டும். யாரும் கிக்கரைத் தொட வேண்டாம். டேங்கில் மிச்சம் இருக்கிற பெட்ரோலை வடித்துவிடுங்கள். பெட்ரோல் ட்யூபைப் பிடுங்கிப் போடுங்கள், இப்போது பங்க்கில் வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அந்தப் பழைய ரப்பர் தாங்காது. ஆயில் சீல் செட், 6305 பேரிங், பேக்கிங் செட், டாக், ஷிம் எல்லாம் வாங்கிவிட்டேன். தம்பியிடம் சொல்லுங்கள், அவன் பைக்குக்குப் பக்கத்துக் காம்பவுண்டில் மாத வாடகைக்கு இடம் பிடிக்கட்டும், அதை நான் தருகிறேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் வருகிறேன், 24 நாள் லீவு. ஸ்பானரை நான் பிடிக்கிறேன். உங்கள் கை நடுங்குகிறது என்று தயங்காதீர்கள். எது சரியாக உட்கார்ந்தது, எது உட்காரவில்லை என்று பக்கத்தில் இருந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் அந்த அலுமினியத் தாம்பாளம் இன்னும் பரண்மேல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்